சொன்னதையே திரும்பச் சொல்லத் தெரியாத பெட்டி

1. போர்டு முதலில், யோசனை பிறகு

நெட்வொர்க் புரோட்டோகால் சாஃப்ட்வேரை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பாடப் புத்தகத்தில் அழகாக வரிசைப்படுத்தி எழுதியிருப்பார்கள். முதலில் தேவைகளை எழுது. பிறகு அதற்கேற்ற ஸ்டாக்கைப் பார். ஸ்டாக்குக்கு ஏற்ற சிப்பை எடு. கடைசியாக சர்க்யூட் போர்டு அடி. 2007இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்தோம். ஐம்பது போர்டு அடித்து, சிப்பை சால்டர் செய்து, பெட்டிக்குள் வைத்துத் திருகியும் முடித்த பிறகு, எங்கள் முதலாளி சண்முகம் சார் என் மேசைக்கு வந்து, "ஜெசிந்தா, இதுல இன்டர்நெட் வருமா?" என்று கேட்டார்.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து 2004இல் அங்கே சேர்ந்தவள். கம்பெனி என்று சொல்வது கொஞ்சம் அதிகம். டயர் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை, ஒரு பழைய ஆசிலோஸ்கோப், ஐந்து பேர், அவ்வளவுதான். கீழே கம்ப்ரஸர் ஓடினால் மேலே மேசை அதிரும். சால்டர் வைத்துக்கொண்டிருப்பவர்கள் அது ஓடி நிற்கும் வரை இரும்பைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருப்பார்கள். பெட்டிக்குள் ஓடும் ஃபர்ம்வேரை நான் எழுதுவேன். கம்ப்யூட்டரில் ஓடும் சாஃப்ட்வேரை சாரின் மச்சினன் இளங்கோ எழுதுவான். ஆபீஸில் முதலாளியை சார் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அவனுக்குக் கண்டிப்பான உத்தரவு. அவன் வாயில் 'மாமா'தான் வரும்.

எங்கள் பெட்டி இறால் குட்டைகளுக்கானது. குட்டைக் கரையில் ஒரு கம்பத்தில் மாட்டியிருப்போம். அதிலிருந்து ஒரு சென்சார் தண்ணீருக்குள் இறங்கும். தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு, ஏரேட்டர் ஓடுகிறதா நிற்கிறதா என்று பெட்டியின் முகப்பில் காட்டும். ஏரேட்டர் என்பது தண்ணீரை அடித்து அடித்துக் காற்றைக் கலக்கும் சக்கரம். ஆக்சிஜன் நாலு இருந்தால் நிம்மதி. இரண்டுக்குக் கீழே போனால் இறாலுக்கு மூச்சு முட்டும். கொஞ்ச நேரத்தில் கும்பலாகச் செத்து மிதக்கும்.

இன்டர்நெட் வேண்டும் என்று கேட்டவர் யூசுப் பாய். பரங்கிப்பேட்டைக்காரர். பதினைந்து வருடம் சவுதியில் இருந்துவிட்டு வந்து, கிள்ளைக்குப் பக்கத்தில் நான்கு குட்டை போட்டிருந்தார். சிதம்பரத்தில் அவருக்கு ஆபீஸ். குட்டையில் இருக்கும் நம்பர் அந்த ஆபீஸ் மேசைக்கு வர வேண்டும், முடியுமா முடியாதா என்று ஒரே வார்த்தையில் கேட்டிருக்கிறார். சாரும் ஒரே வார்த்தையில் முடியும் என்று சொல்லிவிட்டுத்தான் என்னிடம் கேட்க வந்தார். எங்கள் தொழிலில் எல்லா முதலாளிகளும் இந்த வரிசையில்தான் வேலை செய்கிறார்கள்.

சிப்பில் இருந்த RAM இரண்டு கிலோபைட். இன்று காலையில் உங்கள் போனுக்கு வந்திருக்கும் குட்மார்னிங் படத்தின் ஒரு ஓரம்கூட அதில் அடங்காது.

2. மூன்று வரன்கள்

ஸ்டாக் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பெட்டி ஒரு செய்தியை அனுப்பினால் மறுமுனையிலிருந்து 'வந்து சேர்ந்தது' என்று பதில் வர வேண்டும். பதில் வராவிட்டால் அதே செய்தியைத் திரும்ப அனுப்ப வேண்டும். இந்த அனுப்புதல், காத்திருத்தல், திரும்ப அனுப்புதல் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் சாஃப்ட்வேர்தான் ஸ்டாக். யாரும் இதை முதலிலிருந்து எழுத மாட்டார்கள். ஏற்கெனவே இருப்பதில் ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். எங்களுக்கு மூன்று வரன் வந்தது.

முதல் வரன் வெளிநாடு. காசு கொடுத்து வாங்க வேண்டும். தடிமனான கையேடு, கூப்பிட்டால் பேச ஆள், எல்லாம் உண்டு. விலை எழுதி வந்த தாளை சார் ஒரு முறை படித்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார், பெரிய இடத்துச் சம்பந்தம் நமக்கு ஒத்துவராது என்று மேசை டிராயரில் போட்டு மூடினார்.

இரண்டாவது இலவசம், நல்ல ஸ்டாக். இளங்கோவுக்கு அதன் மேல்தான் ஆசை. அனுப்பிய ஒவ்வொரு செய்திக்கும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். பதில் வரும் வரை நகலை விடாது. ஆனால் அந்த நகல்களை வைக்க இடம் வேண்டும். எங்கள் சிப்பில் அது உட்காரவே உட்காராது. வேறு சிப், வேறு போர்டு. ஐம்பது போர்டையும் எடைக்குப் போட வேண்டியதுதான்.

மூன்றாவது நான் கண்டுபிடித்தது. அதுவும் இலவசம். யாரோ ஒரு புண்ணியவான் எங்களைப் போன்ற ஏழை சிப்புகளை நினைத்தே எழுதியிருந்தார். எங்கள் இரண்டு கிலோபைட்டுக்குள் உட்கார்ந்து, மிச்சமும் வைத்தது. எப்படி இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்றால், அது நகல் எடுக்காது. பதில் வராவிட்டால் நம் ஃபர்ம்வேரைக் கூப்பிட்டு, சொன்னதைத் திரும்பச் சொல் என்று கேட்கும். நாம் சொன்னால் அனுப்பும்.

இளங்கோ அதன் மேனுவலை பிரின்ட் எடுத்து, நகல் வைக்காது என்ற வரிக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு என் மேசையில் வைத்தான்.

"ஜெசி, இது காப்பி வெச்சுக்காது. திருப்பிக் கேட்டா நீதான் தரணும். பாத்துக்க."

"தர்றேன். எனக்கென்ன மறதியா?"

சார் எங்கள் இருவரின் வாதத்தையும் பொறுமையாகக் கேட்டார். அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான். எதை எடுத்தால் போர்டைத் தூக்கிப் போட வேண்டாம்? நான் கையைத் தூக்கினேன். நான்கு நிமிடத்தில் கல்யாணம் நிச்சயமாகி, பஜ்ஜியும் டீயும் வந்தன. சொந்த மச்சினனை விட்டுவிட்டு என் பக்கம் பேசிவிட்டார் என்று எனக்கு உள்ளூர ஒரே குஷி. இளங்கோ இரண்டு பஜ்ஜி கூடுதலாக எடுத்துக்கொண்டான்.

3. மூன்றடி கேபிள்

பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பெட்டி ஒரு வரி அனுப்ப வேண்டும். வரியில் நான்கு விஷயம்: நேரம், ஆக்சிஜன், ஏரேட்டர் ஓடுகிறதா, பெட்டியின் பாட்டரி வோல்ட். கடைசி விஷயத்தை யாரும் கேட்கவில்லை. வரியில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது, காலியாக விட மனசு வராமல் போட்டேன்.

இதற்கு ஒரு ஃபங்ஷன் எழுதினேன். அளவெடுக்கும் முறை வந்ததும் குறித்து வைத்த நேரத்தை எடுக்கும், சென்சாரைப் படிக்கும், ஏரேட்டரைப் பார்க்கும், பாட்டரியைப் பார்க்கும், எல்லாவற்றையும் கோர்த்து ஸ்டாக்கின் கையில் கொடுக்கும். ஸ்டாக் திரும்பக் கேட்டால் அதே ஃபங்ஷனை இன்னொரு முறை கூப்பிடும்படி செய்திருந்தேன். ஒரு வேலைக்கு ஒரு ஃபங்ஷன். எழுதி முடித்துவிட்டு நானே என் புரோகிராமை மூன்று தடவை ரசித்துப் படித்தேன்.

மாடியில் சோதனை ஓடியது. பெட்டி ஒரு மேசை, கம்ப்யூட்டர் பக்கத்து மேசை, நடுவில் மூன்றடி கேபிள். நாலு நாள் இடைவிடாமல் ஓட்டினோம். ஒரு வரிகூட விடுபடவில்லை. அந்தத் தாளை சார் சுவரில் ஒட்டினார். கீழே கம்ப்ரஸர் ஓடி மேசை அதிர்ந்தபோதும் தொலையவில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அந்த நாலு நாளில் ஒருவருக்குக்கூட அந்தக் கேபிளைப் பிடுங்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

கிள்ளையில் மூன்றடி கேபிள் கிடையாது. செல்போன் டவர்தான். மோடம் வழியாக அனுப்ப வேண்டும். மழை வந்தால் சிக்னல் போகும். எட்டுத் தடவை முயன்று பார்த்துவிட்டு ஸ்டாக் தொடர்பை அறுத்துவிடும். மறுபடி சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நான் அந்த எட்டை நூறு ஆக்கினேன். இனி சிக்னல் போனால் நாற்பது நிமிடம் வரை பெட்டி பொறுமையாகத் திரும்பத் திரும்ப முயலும். அந்த நேரத்தில் எடுக்க வேண்டிய மற்ற வரிகள் விடுபடும். பாயிடம் சொன்னோம், பரவாயில்லை என்றார்.

எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. ஆபீஸுக்கு யார் வந்தாலும் பாய் முதலில் கம்ப்யூட்டரைக் காட்டிவிட்டுத்தான் டீ சொல்வாராம். அடுத்த வருடம் இன்னும் நாலு குட்டை, இன்ஷா அல்லாஹ் இன்னும் நாலு பெட்டி என்றார். நான் கடலூர் பஸ் ஸ்டாண்டில் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்துகொண்டிருந்தேன்.

4. மூன்று வரிகள்

2008 ஆடி மாதம் ஒரு காலையில் பாயிடமிருந்து போன் வந்தது. மூன்றாம் குட்டையில் இறால் முழுக்கச் செத்து மிதக்கிறது, பெட்டியைச் சரிபார்க்க உடனே வாருங்கள் என்றார். சாரும் நானும் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று நின்று நின்று போகும் பஸ்ஸில் சிதம்பரம் போய், அங்கிருந்து கிள்ளை டவுன் பஸ் பிடித்தோம். குட்டைக்கு இருநூறு அடி முன்பே வாடை வந்துவிட்டது.

கரையில் பாய் நின்றிருந்தார். மற்ற குட்டைகளில் வேலை செய்யும் ஏழெட்டுப் பேர் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். நடுவில் கலியபெருமாள். குறிஞ்சிப்பாடிக்காரர். நாலு வருடமாக அந்தக் குட்டையைப் பார்த்துக்கொள்பவர். மனைவியோடு அங்கேயே மோட்டார் ரூமுக்குப் பக்கத்து அறையில் குடியிருந்தார். பாய் கையில் இருந்த தாளில் அன்று விடியற்காலை எங்கள் பெட்டி அனுப்பிய மூன்று வரிகள் இருந்தன.

5:00 மணி. ஆக்சிஜன் 3.6. ஏரேட்டர் ஓடுகிறது.
5:10 மணி. ஆக்சிஜன் 1.4. ஏரேட்டர் நிற்கிறது.
6:00 மணி. ஆக்சிஜன் 1.9. ஏரேட்டர் ஓடுகிறது.

இடியும் மழையுமாக இருந்ததால் நடுவில் சிக்னல் இல்லை. கரண்ட் போனது 5:20க்கு. சப்ஸ்டேஷனில் கேட்டு பாய் உறுதி செய்திருந்தார். கரண்ட் போகும் வரை ஏரேட்டர் ஓடியது, போனதும் ஜெனரேட்டரை ஓட்டப் போனேன், செல்ஃப் எடுக்கவில்லை, கையால் சுற்றிச் சுற்றி ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்புதான் ஓடியது என்று கலியபெருமாள் சொன்னார். பெட்டியோ 5:10க்கே ஏரேட்டர் நின்றுவிட்டது என்கிறது. அதாவது கரண்ட் இருக்கும்போதே மோட்டாரின் ஸ்டார்ட்டர் ட்ரிப் ஆகி ஏரேட்டர் நின்றிருக்கிறது, இவர் தூங்கிவிட்டார், இப்போது கரண்டின் மேல் பழி போடுகிறார். பாய் எல்லோர் காதிலும் விழும்படி சொன்ன கணக்கு இது.

"பத்து நிமிசத்துல மூணு ஆறுலேர்ந்து ஒன்னு நாலுக்கு எறங்குமா பாய்?" என்றார் கலியபெருமாள். "குட்டை என்ன டம்ளரா?"

பாய் என் பக்கம் திரும்பினார். நான் அதற்குள் சென்சாரைச் சோதித்துவிட்டிருந்தேன். கை மீட்டரும் பெட்டியும் ஒரே நம்பரைக் காட்டின. நேரம் காட்டும் கடிகாரமும் நிமிடம் பிசகாமல் ஓடியது.

"நீங்க சொல்லுங்கம்மா. பெட்டி தப்பா சொல்லுமா?"

"பெட்டி பொய் சொல்லாது பாய்," என்றேன். "அதுக்கு யாரு மேலயும் கோவமும் கெடையாது, பாசமும் கெடையாது."

நல்ல வாக்கியம். பஸ்ஸிலேயே யோசித்து வைத்தது. சாரின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. தள்ளி நின்றவர்கள் தலையாட்டினார்கள். கலியபெருமாள் என்னை ஒரு முறை பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு மோட்டார் ரூம் பக்கம் போனார். அன்று மாலையே அவர் வீட்டுச் சாமான்கள் ஒரு மினி லாரியில் ஏறிவிட்டன என்று பிறகு தெரிந்தது.

திரும்பும் வழியில் சார் தூங்கிக்கொண்டு வந்தார். எனக்கு அந்த டம்ளர் மட்டும் மண்டையில் உருண்டுகொண்டே வந்தது. ஒரு ஏக்கர் தண்ணீர். பத்து நிமிடம். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் இறங்கவில்லை.

5. 12.1

மறுநாள் காலை முதல் வேலையாக அந்த நாளின் முழுப் பதிவையும் திறந்தேன். பாய்க்குக் கொடுத்த தாளில் மூன்று விஷயம்தான் அச்சாகும். நாலாவதான பாட்டரி வோல்ட் எங்கள் ஆபீஸுக்கு வரும் கோப்பில் மட்டும் இருக்கும். கரண்ட் இருந்தால் சார்ஜர் ஓடும், வோல்ட் 13.6 காட்டும். கரண்ட் போனால் பன்னிரண்டு சொச்சத்துக்கு வந்துவிடும்.

5:00 மணி வரியில் 13.6. அதற்கு முந்தைய வரிகளிலும் 13.6. 5:10 மணி வரியில் 12.1.

கரண்ட் 5:20 வரை இருந்தது. சப்ஸ்டேஷனே சொல்கிறது. அப்படியானால் 5:10க்கு எங்கள் பெட்டிக்கு மட்டும் ஏன் கரண்ட் இல்லை? கீழே யார் வண்டிக்கோ காற்று அடித்தார்கள், மேசை அதிர்ந்தது, நான் அந்த 12.1ஐயே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என் அழகான ஃபங்ஷனைத் திறந்தேன். இரண்டாவது வரியில் நேரம், குறித்து வைத்தது. மூன்றாவது வரியில் சென்சார், கூப்பிடும் நேரத்தில் படிப்பது.

இளங்கோவைக் கூப்பிட்டேன். சென்சார் இருக்க வேண்டிய இடத்தில் திருகினால் நம்பர் மாறும் ஒரு குமிழை வைத்தோம். 3.6க்குத் திருகினேன். 11:08க்கு இளங்கோ கேபிளைப் பிடுங்கினான். 11:10க்குப் பெட்டி அளவெடுத்தது, முகப்பில் 3.6 காட்டியது. அனுப்ப வழியில்லாமல் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தது. கால் மணி நேரம் கழித்துக் குமிழை 1.4க்குத் திருகிவிட்டுக் கேபிளைச் செருகச் சொன்னேன். திரையில் வரி வந்து விழுந்தது.

11:10 மணி. ஆக்சிஜன் 1.4.

சொன்னதைத் திரும்பச் சொல் என்று ஸ்டாக் ஒழுங்காகக் கேட்டிருக்கிறது. என் ஃபங்ஷன்தான் பழைய நேரத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் சென்சாரைப் புதிதாகப் படித்துப் புதிது புதிதாகச் சொல்லியிருக்கிறது. அன்று 5:10க்கு ஏரேட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அந்த வரி மழையில் மாட்டிக்கொண்டு, சிக்னல் திரும்பிய 5:50க்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. போகும்போது 5:50இன் ஆக்சிஜனையும் 5:50இல் நின்றிருந்த ஏரேட்டரையும் சுமந்துகொண்டு, நெற்றியில் மட்டும் 5:10 என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறது. எட்டு மாதமாக மழை வந்தபோதெல்லாம் இதுதான் நடந்திருக்கும். நம்பர்கள் பெரிதாக மாறாததால் யாருக்கும் தெரியவில்லை.

இளங்கோ கேபிளைச் சுருட்டி மேசையில் வைத்தான். ஏதாவது திட்டியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். அலமாரியில் அந்த மேனுவல் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். பென்சில் கோடு கொஞ்சமும் அழியவில்லை.

வெட்கம் பிடுங்கித் தின்றது. பிழை எல்லோருக்கும் வரும், திருத்தினால் போயிற்று. அதைத் திருத்த எனக்கு அரை மணி நேரம்தான் ஆனது. அளவெடுத்ததும் ஒரு முறை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், பதில் வரும் வரை அதையே கொடுக்க வேண்டும். அதற்குத் தேவைப்பட்ட இடம் பதினாறு பைட். ஆனால் ஏழெட்டுப் பேர் முன்னால் நின்று நான் சொன்ன வாக்கியத்தை எந்த ஃபர்ம்வேரிலும் திருத்த முடியாது.

சாரிடம் சொன்னேன். வெகுநேரம் சுவரில் ஒட்டியிருந்த தாளையே பார்த்தார்.

"புது சாஃப்ட்வேர போட்டுட்டு வந்துரு. அப்டேட்டுன்னு சொல்லு. அதுக்கு மேல தோண்டாத."

"அந்தாளு வீட்டு சாமானெல்லாம் லாரில போயிருக்கு சார்."

சார் என்னைப் பார்க்கவில்லை. அடுத்த வருடத்து நாலு பெட்டியைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார். இளங்கோ மெதுவாக, "மாமா, பெட்டி மேல நம்ம பேருதான ஒட்டிருக்கு," என்றான். தன்னை சார் என்று கூப்பிடும்படி அன்று அவர் அவனைத் திருத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, தானும் வருவதாகச் சொன்னார். நான் தனியாகப் போனால் முதலாளி ஒளிந்துகொண்டான் என்று பாய் நினைப்பாராம்.

6. பாயின் கார்

சிதம்பரம் ஆபீஸில் பாயின் மேசையில் ஒரு தாளை வைத்துப் படம் போட்டு விளக்கினேன். டீ ஆறிப்போனது. பாய் முழுவதையும் கேட்டார்.

"அப்போ அஞ்சு பத்துக்கு என்ன நடந்துச்சுன்னு உங்க பெட்டிக்குத் தெரியாது."

"தெரியாது பாய். தெரியும்னு நான் சொன்னேன். தப்பு என்னுது."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பெட்டியைக் கழற்றி எறியச் சொல்வார் என்றும் எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஜெனரேட்டர் பேட்டரி வீக்கா இருக்கு பாய், மாத்திருங்கன்னு ரெண்டு தடவ சொன்னான். அடுத்த வாரம் பாக்கலாம்னு நான்தான் தள்ளிப் போட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நாங்களும் பின்னாலேயே போய் ஏறிக்கொண்டோம். புவனகிரி தாண்டிக் குறிஞ்சிப்பாடி போய்ச் சேர்ந்தோம்.

கலியபெருமாள் மச்சான் வீட்டில் இருந்தார். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். வீட்டுக்குள் போட்ட நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பாய் சொன்னார், தன் மேல்தான் தப்பு, பெட்டி தவறாகக் காட்டிவிட்டது, திரும்பி வர வேண்டும் என்று. நானும் சொன்னேன். கலியபெருமாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் அவர் மனைவியிடமிருந்துதான் வந்தது.

"குட்டைக் கரையில நாலு பேரு கேக்கத்தான தூங்கிட்டான்னு சொன்னீங்க. இப்போ வீட்டுக்குள்ள வந்து மெதுவா சொல்றீங்க."

அந்த அம்மா குரலை உயர்த்தவே இல்லை. பாய் அதே நிமிடம் ஒப்புக்கொண்டார். வெள்ளிக்கிழமையை விட்டுச் சனிக்கிழமை காலை, அதே கரை, அதே ஆட்கள். என்னையும் வரச் சொன்னார். சொல்லாவிட்டாலும் போயிருப்பேன்.

7. ஆன்டெனா

அந்தக் குட்டி ஸ்டாக்கை நாங்கள் 2012இல் பெரிய சிப்புக்கு மாறும் வரை பயன்படுத்தினோம். அதன் மேல் பழி போட எனக்கு வழியே இல்லை. தான் என்ன செய்யாது என்பதை அது தன் மேனுவலின் முதல் அத்தியாயத்திலேயே சொல்லியிருந்தது. எந்த ஸ்டாக் நல்லது என்று இன்றும் இளைஞர்கள் என்னிடம் கேட்கிறார்கள். எவ்வளவு வேகம், எவ்வளவு இடம் என்று அட்டவணை போட்டுக்கொண்டு வருகிறார்கள். அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு முதலில் கேபிளைப் பிடுங்குங்கள் என்பேன். லைன் இருக்கும்போது எல்லா ஸ்டாக்கும் நல்ல ஸ்டாக்தான். லைன் போனால் யார் எதை ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்று பாருங்கள். அது உங்கள் வேலை என்று மேனுவலில் எழுதியிருந்தால், அந்த வரிக்கு நீங்களே பென்சில் கோடு போடுங்கள். அடுத்தவர் போட்ட கோடு கண்ணில் படாது. பெட்டி பொய் சொல்லாது என்ற வாக்கியத்தை நான் அதற்குப் பிறகு எந்த வாடிக்கையாளரிடமும் சொன்னதில்லை.

சனிக்கிழமை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அதே ஏழெட்டுப் பேர் கரையில் நின்றார்கள். கலியபெருமாளும் மனைவியும் வந்திருந்தார்கள். பாய் எல்லோருக்கும் கேட்கும்படி, கலியபெருமாள் தூங்கவில்லை, ஜெனரேட்டர் பாட்டரியை மாற்றாதது தன் தப்பு என்றார். பிறகு என் முறை. பெட்டியில் நான் செய்த பிழையைச் சொல்லி, புது சாஃப்ட்வேர் போட்டிருப்பதையும் சொன்னேன். வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? போன தடவையும் வாயால்தானே சொன்னேன். அதனால் கலியபெருமாளையே சோதித்துப் பார்க்கச் சொன்னேன்.

10:38க்குப் பெட்டியின் ஆன்டெனாவை அவர் கையாலேயே திருகிக் கழற்றினார். 10:40க்குப் பெட்டி அளவெடுத்தது. முகப்பில் 4.8. ஏரேட்டர் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஏரேட்டரை நிறுத்தச் சொன்னேன். சுற்றி வந்த சக்கரம் தளர்ந்து நின்றது. திடீரென்று அவ்வளவு அமைதி. சிதம்பரம் ஆபீஸில் இளங்கோ கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான். என் போனில் அவனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். 10:48க்குக் கலியபெருமாள் ஆன்டெனாவைத் திரும்ப மாட்டினார்.

ஒரு நிமிடம் ஒன்றும் வரவில்லை. பிறகு இளங்கோவின் குரல் வந்தது.

"பத்து நாப்பது. நாலு புள்ளி எட்டு. ஏரேட்டர் ஓடுது."

எங்கள் கண் முன்னால் ஏரேட்டர் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. கலியபெருமாள் போனையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கும் ஓடிக்கிட்டுத்தாம்மா இருந்துச்சு."

"ஆமாண்ணே," என்றேன். மற்றவர்களுக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன். "அன்னைக்கும் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு."

அவர் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கலியபெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஏரேட்டரை ஓட்டிவிடுவதற்காக மோட்டார் ரூமுக்கு நடந்தார்.